முதலாளிகளிடம் கேட்டு மணிச் சம்பளத்தைக் கணிப்பது எப்படி?

மலேசியாவின் பினாங்கிலுள்ள பாயான் லெப்பாஸ் ஆலைகளில் மணிக்குச் சராசரியாக என்ன சம்பளம் என்றறிய ஒவ்வொரு தொழிலாளியையும் கேட்க வேண்டியதில்லை. சம்பளப் பட்டியல் போதும். ஆனால் சம்பளமும் வேலை நேரமும் ஒரே ஆட்களுக்கு, ஒரே மாதத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும். எண்கள் பாழாவது பெரும்பாலும் இங்கேதான்.

நிறுவனங்களைத் துறை வாரியாக, ஆள் எண்ணிக்கை வாரியாகப் பிரியுங்கள். பெரிய ஆலைகளை ஒன்றுவிடாமல் எடுங்கள். சிறு பட்டறைகளில் பத்துக்கு ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்தால் அது பத்துப் பட்டறைகளுக்குப் பதிலாக நிற்கிறது; அதாவது அதன் எடை 10.

படிவத்தில் பிடித்தத்துக்கு முந்திய சம்பளத்தைக் கேளுங்கள். மிகைநேரப் பணத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும். ஊழியர் சேமநிதிக்கு முதலாளி கட்டும் பங்கு இதில் சேராது. 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி மிகைநேரப் பணத்தை அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாளுக்குள் கொடுத்தால் போதும். அதனால் ஏப்ரலில் பார்த்த மிகைநேரத்தின் பணம் மே சம்பளச் சீட்டில் வரலாம். “இந்தப் பணம் எந்த மாத வேலைக்கு?” என்ற கேள்வியைக் கட்டாயம் சேருங்கள். முகவர் அனுப்பும் தொழிலாளர்களையும் மறக்காதீர்கள்: நேரம் ஆலையின் பஞ்ச் கார்டில் இருக்கும், சம்பளமோ முகவரின் கணக்கில்.

இனி கணக்கு. ஓர் ஆலை 2,00,000 மணிக்கு 30,00,000 ரிங்கிட் கொடுக்கிறது; மணிக்கு 15. எடை 10 உள்ள பட்டறை 2,000 மணிக்கு 20,000 ரிங்கிட்; மணிக்கு 10. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 12.50 என்பது தவறு. பட்டறையின் எண்களைப் பத்தால் பெருக்கிச் சேர்த்தால் எடையிட்ட மொத்தச் சம்பளம் 32,00,000, மொத்த நேரம் 2,20,000, வகுத்தால் 14.55. நிறுவனச் சராசரிகளுக்குச் சராசரி எடுப்பது பட்டறையின் பத்துப் பேருக்கு ஆலையின் ஆயிரம் பேருக்குச் சமமான கனத்தைக் கொடுத்துவிடும்.

மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாள், 8 மணியால் வகுத்தால் 8.17. முழுநேரத் தொழிலாளருக்கு அதற்குக் கீழே வந்தால் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். மாத நேரக் கட்டத்தில் ஆளுக்கு 45 என்றிருந்தால், 2023 முதல் நடப்பிலுள்ள வார உச்சவரம்பை எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள்.

பதில் வராத நிறுவனத்துக்குப் பூஜ்யம் போடாதீர்கள். மாத மாற்றத்தைக் கணிக்க, இரு மாதமும் பதில் தந்தவர்களை மட்டும் ஒப்பிடுங்கள்.