நாய்க்கு மெத்தை வாங்குமுன்: அளவு, ஃபோம், அழுத்தச் சோதனை

உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருக்கிறதே என்று வாங்கும் மெத்தைதான் பெரும்பாலும் நாய்க்கு உதவாமல் போகிறது. உள்ளங்கை அகலமானது, அழுத்தம் பரவிவிடும். நாயின் முழங்கையும் இடுப்பெலும்பும் அப்படி இல்லை. சதைப்பற்று குறைந்த அந்த இடங்களில்தான் படுக்கும்போது எடை குவிகிறது. அங்கே எலும்பு தரையைத் தொடாமல் நிறுத்துகிற மெத்தைதான் தாங்கும் மெத்தை. கடினத் தரையில் தொடர்ந்து படுக்கும் பெரிய நாய்களுக்கு முழங்கைத் தோல் காய்த்துப்போகும். சிலவற்றுக்கு அங்கே நீர் கோத்து வீங்கவும் செய்யும்.

படி 1: தூங்கும்போது அளவெடுங்கள்

நாய் பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, 20 செ.மீ. கூட்டுங்கள். 90 செ.மீ. வந்தால் மெத்தையின் நீளம் 110 செ.மீ. அகலத்துக்கு முதுகிலிருந்து பாத நுனிவரை அளந்தால் போதும். சுருண்டு படுக்கிற நாயாக இருந்தாலும் நீட்டிய அளவையே எடுங்கள். வெயில் நாளில் அதுவும் காலை நீட்டித்தான் படுக்கும்.

எடையும் தெரிய வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

சுற்றிலும் திண்டு வைத்த மெத்தையில் ஒரு பொறி இருக்கிறது. விளம்பரத்தில் போடும் அளவு பெரும்பாலும் வெளி அளவு. 100 செ.மீ. என்று வாங்கினால், இருபுறமும் 15 செ.மீ. திண்டு போக, படுக்க மிஞ்சுவது 70 செ.மீ.தான். உள் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

படி 2: உள்ளே என்ன இருக்கிறது?

‘ஆர்த்தோபீடிக்’ (எலும்புக்கும் மூட்டுக்கும் ஏற்றது) என்ற சொல்லை எந்த மெத்தையின் மேலும் அச்சடிக்கலாம். ஜிப்பைத் திறந்து பாருங்கள். திறக்க முடியாவிட்டால் விற்பவரிடம் கேளுங்கள்.

பாலியெஸ்டர் பஞ்சு புதிதில் உப்பலாக இருக்கும். நாய் படுக்கப் படுக்க நடுவில் இருப்பது ஓரத்துக்கு ஒதுங்கி, முழங்கைக்குக் கீழே வெறும் துணி மிஞ்சும். துண்டு துண்டாக வெட்டிய ஃபோமும் இதே வேலையைச் செய்யும், சற்றுத் தாமதமாக. முட்டை அட்டை போல மேடுபள்ளமாக வெட்டிய ஃபோமில் பள்ளமான இடங்களில் பொருளே குறைவு. சிறிய நாய்க்குப் பரவாயில்லை, கனமான நாய்க்கு வேண்டாம்.

நம்பி வாங்கக்கூடியது ஒரே பலகையாக வெட்டிய ஃபோம். அதிலும் மேலே மெமரி ஃபோம், அடியில் கெட்டியான சாதா ஃபோம் என்று இரண்டு அடுக்கு இருப்பது நல்லது. மெமரி ஃபோம் உடல் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்துக்கு இடம் கொடுக்கும். அடியடுக்கு அது தரைவரை அமுங்கிவிடாமல் தடுக்கும். முழு மெத்தையுமே மெமரி ஃபோம் என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கனமான நாய் அதில் புதைந்து எழத் திணறும்.

ஃபோமின் அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று சொல்வார்கள். அடியடுக்குக்கு 30க்கு மேலும், மெமரி ஃபோமுக்கு 50 அளவிலும் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி கூடிய ஃபோம் மென்மையாகவும் இருக்கலாம்.

படி 3: தடிமனும் அழுத்தச் சோதனையும்

10 கிலோவுக்குக் குறைவான நாய்க்கு 5 செ.மீ., 30 கிலோவரை 8 முதல் 10 செ.மீ., அதற்கு மேல் 12 செ.மீ. அல்லது கூடுதல் என்று தொடங்குங்கள். இது தொடக்கக் கணக்குதான். முடிவு செய்வது சோதனை.

பெரிய நாய்க்கு என்றால் மெத்தையில் ஒரு முழங்காலை ஊன்றி 30 விநாடி இருங்கள். சிறிய நாய்க்கு முழங்கால் வேண்டாம், கைவிரல்களை முட்டியாக மடக்கி அழுத்தினால் போதும். மெமரி ஃபோம் மெதுவாக இறங்குவதால் உடனே எழுந்தால் உண்மை தெரியாது. தரை தட்டுப்பட்டால் அந்த மெத்தை வேண்டாம். சுருட்டி அடைத்து வந்த ஃபோமாக இருந்தால், பிரித்து 48 மணி நேரம் விட்டுவிட்டுச் சோதியுங்கள். அதற்குமுன் முழுத் தடிமனுக்கு வந்திருக்காது.

நாய் படுத்த பிறகு இன்னொன்று: மெத்தைக்கு அடியில் கையை நுழைத்து, முழங்கைக்கும் இடுப்புக்கும் நேர்கீழே வையுங்கள். எலும்பு கையில் உறுத்தினால் தடிமன் போதவில்லை.

படி 4: ஏறும் பக்கம், உறை, அடிப்பாகம்

மூட்டுவலி உள்ள நாய்க்கு ஒரு பக்கமாவது திண்டு இல்லாமல் தாழ்வாக இருக்க வேண்டும். அடித்துணி வழுக்காத ரப்பர் புள்ளிகளோடு இருக்கட்டும். எழும்போது மெத்தை நகர்ந்தால், நாய் இரண்டாம் முறை அதில் ஏறத் தயங்கலாம். டைல்ஸ் தரையானால் மெத்தைக்கு முன்னால் ஒரு மிதியடியும் போடுங்கள்.

உறை இரண்டு வேண்டும்: கழற்றித் துவைக்க வெளியுறை, ஃபோமை மூட நீர்புகா உள்ளுறை. ஃபோமுக்குள் சிறுநீர் இறங்கிவிட்டால் நாற்றம் முழுதாகப் போகாது. துணி தாங்குமானால் வெளியுறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டு நீரில் துவையுங்கள். தெள்ளுப்பூச்சியும் முட்டையும் சாகும். ஃபோமை நிழலில் உலர்த்துங்கள். நேர் வெயிலில் அது மஞ்சளாகி உதிரும்.

எதையும் கடித்துக் குதறும் குட்டிக்கு இப்போதைக்கு ஃபோம் மெத்தை வேண்டாம், மடித்த கம்பளமே போதும். விழுங்கிய ஃபோம் குடலை அடைக்கும். வாந்தி எடுத்துச் சாப்பிடாமல் இருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

படுக்க மறுத்தால்

மெத்தைக்குப் பக்கத்திலேயே வெறுந்தரையில் படுக்கிறதென்றால் பெரும்பாலும் சூடுதான் காரணம். மெமரி ஃபோம் சூட்டைப் பிடித்து வைக்கும். பருத்தி உறை மாற்றிப் பாருங்கள், காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்துங்கள். ஏறியதும் தடுமாறி இறங்கினால் மேலடுக்கு அளவுக்கு மீறி மென்மையாக இருக்கிறது. புது ஃபோம் வாடையும் சில நாய்களை விரட்டும். நாய் ஏற்கெனவே படுத்த போர்வையை மேலே விரித்துவிடுங்கள்.

எழும்போது விறைப்பு, நொண்டல், படிக்கட்டில் தயக்கம் ஆகியவை இருந்தால் மெத்தையை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாதம் ஒருமுறை மெத்தையின் தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்பிப் போடுங்கள். இரண்டடுக்கு மெத்தையைக் குப்புறக் கவிழ்க்கக் கூடாது. மெமரி ஃபோம் அடிக்குப் போய்விடும். உறையைக் கழற்றி ஓர் இரவு விட்ட பிறகும் 2, 3 செ.மீ. பள்ளம் மாறாமல் இருந்தால், உறை நன்றாக இருந்தாலும் ஃபோமை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஃபோம் பலகையை மட்டும் அதே அளவுக்கு வெட்டி வாங்கிக்கொள்ளலாம்.