சிவ் 6: ஓப்பன் பார்டர்ஸ் போட்ட பிறகும் செட்லர் ஏன் நகரவில்லை?

சிவ் 6 (சிவிலைசேஷன் 6) என்ற, நாடு கட்டி ஆளும் கணினி விளையாட்டில், போன வாரம் ஒரு செட்லரை (புது நகரம் அமைக்கும் யூனிட்) வைத்துக்கொண்டு எட்டு டர்ன் (ஆட்டச் சுற்று) முழித்தேன். ஆட்டத்தில் சுமேரிய மன்னராக வரும் கில்காமேஷின் நாட்டைத் தாண்டினால் ஆளில்லாத கடற்கரை. ஓப்பன் பார்டர்ஸ் (எல்லைக்குள் நுழைய அனுமதி) ஒப்பந்தம் போட்டாச்சு, அவரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். ஆனாலும் என் செட்லர் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. அவருடைய போர் வண்டியோ என் வயல் நடுவே ஹாயாகப் போய்க்கொண்டிருக்கிறது. தப்பு என்னுடையதுதான், கீழே சொல்கிறேன்.

1. பார்த்த உடனே தூது அனுப்புங்கள். புது மன்னரைச் சந்தித்த அதே டர்னில் 25 தங்கம் கொடுத்து டெலிகேஷன் அனுப்பிவிடுங்கள். நாலு டர்ன் கழித்து அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டால், அதற்குள் அவருக்கு நம்மைப் பிடிக்காமல் போய் வாங்க மறுத்துவிடலாம்.

2. ஏர்லி எம்பயர். ஒரு நாடு இந்த சிவிக்கை (ஆட்டத்தில் பண்பாட்டு வளர்ச்சியின் ஒரு படி) முடிக்கும் வரை அதன் எல்லை எல்லோருக்கும் திறந்தே இருக்கும். முடித்ததும் கதவு சாத்திவிடும். அதனால் ஸ்கவுட்டை (ஊர் சுற்றிப் பார்க்கும் யூனிட்) ஆரம்பத்திலேயே நன்றாக ஓட விடுங்கள். டிரேடருக்கும் மிஷனரிக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

3. ஒப்பந்தத் திரை. நான் விழுந்த குழி இதுதான். இங்கே ஓப்பன் பார்டர்ஸ் என்பது ஒன்றல்ல, இரண்டு. உங்கள் பட்டியலில் ஒன்று, அவர் பட்டியலில் ஒன்று. உங்கள் பட்டியலில் இருப்பதை அழுத்தினால், “என் நாட்டுக்குள் நீ வரலாம்” என்று அர்த்தம். நான் அதை மட்டும் அழுத்தி, பதிலுக்கு எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டேன். சும்மா கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்!

உங்களுக்கு வழி வேண்டுமென்றால் *அவர்* பட்டியலில் இருப்பதை எடுத்து மேஜையில் வையுங்கள். பதிலுக்கு உங்களுடையதையும் வைத்துப் பாருங்கள். சுமாரான உறவு இருந்தால் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்துவிடும். முறைத்தால் கொஞ்சம் தங்கம் சேருங்கள். கையெழுத்துக்கு முன் இரண்டு பக்கத்தையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

குயிக் டீல்ஸ் என்ற மோட் (ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) இந்த வேலையைச் சுலபமாக்கும். ஆனால் முதல் இரண்டு ஆட்டம் கையாலேயே போட்டுப் பழகுங்கள் என்பேன். மோட் போட்டபின் எது யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை.

4. தேதி குறித்து வையுங்கள். ஸ்டாண்டர்ட் வேகத்தில் ஒப்பந்தம் 30 டர்ன்தான். முடியும்போது அவர் நிலத்துக்குள் நிற்கும் யூனிட்டை ஆட்டம் தூக்கி வெளியே போட்டுவிடும், எந்தப் பக்கம் என்று நம்மைக் கேட்காது. செட்லரைக் கிளப்பும் முன் எத்தனை டர்ன் பாக்கி என்று பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: நகர அரசின் (ஒரே நகரம் உள்ள குட்டி நாடு) எல்லைக்கு என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அங்கே ஒப்பந்தத் திரை கிடையாது. சுசரெய்ன் (அதன் மேலாதிக்க நாடு) ஆக வேண்டும்: அங்கே குறைந்தது 3 என்வாய் (தூதர்) வைத்திருக்க வேண்டும், அதுவும் மற்ற எல்லோரையும் விட அதிகமாக. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று.

இன்னொன்று: “தூது, பரிசு எல்லாம் கொடுத்தும் சந்திரகுப்தர் உர்ரென்றே இருக்கிறார்” என்று இன்னொருவர். 2018-இல் ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கத்தோடு வந்தவர் அவர். பக்கத்தில் யார் நகரம் வைத்திருந்தாலும் பிடிக்காது, அவருடைய குணமே அது. ‘பக்கத்து நாட்டுக்காரனே இயல்பான பகைவன்’ என்கிற அர்த்தசாத்திரக் கணக்கை அப்படியே ஆட்டத்தில் வைத்திருக்கிறார்கள். அவர் அண்டை வீட்டுக்காரராக அமைந்தால் வழி கேட்டுக் காத்திருக்காதீர்கள். யூனிட்டைக் கப்பல் ஏற்ற உதவும் தொழில்நுட்பத்தைப் பிடித்து, செட்லரைக் கடல் வழியாகச் சுற்றி அனுப்புங்கள். எல்லையோரம் இரண்டு வில்லாளிகளும் இருக்கட்டும்.