பாட்டு ஓடினா திக்காம வருதேன்னு நம்ம செய்ற தப்புகள்

ஹெட்போன்ல பாட்டைச் சத்தமா வெச்சுக்கிட்டு ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிச்சேன், ஒரு எடத்துலகூட நிக்காம வந்துச்சு, எனக்கு அழுகையே வந்துருச்சு. கழட்டி வெச்சுட்டு அதே பக்கத்தை முதல்ல இருந்து எடுத்தா "மழை"ங்கிற வார்த்தையில உதடு ரெண்டும் ஒட்டிக்கிச்சு, பிரியவே இல்ல. திக்கிப் பேசுற நிறைய பேர் இதைப் பாத்திருப்பீங்க. தப்பும் இங்கதான் ஆரம்பிக்குது, பாட்டு போட்டா சரியாயிடும்னு முடிவே பண்ணிடுறோம்.

நம்ம குரல் நம்ம காதுல விழுற விதம் மாறினா பல பேருக்குத் திக்கல் குறையும். இரைச்சல் குரலை மூடிட்டாலும் குறையும், இன்னொருத்தரோட சேந்து ஒரே நேரத்துல படிச்சா கிட்டத்தட்ட காணாமலே போயிடும், பாடும்போதும் அப்படித்தான். ஆனா சத்தம் நின்னா அந்தப் பலனும் பெரும்பாலும் நின்னுடும், அதனால இதை மருந்துன்னு நினைக்காதீங்க.

இதைவிடப் பெரிய தப்பு வீட்டுல நடக்குது. "பாடும்போது நல்லாத்தானே வருது, பேசும்போது மட்டும் வேணும்னே பண்றான்"னு குழந்தையைத் திட்டுறது. தயவுசெஞ்சு வேண்டாம். பாட்டுல தாளம், வார்த்தை எல்லாம் முன்னாடியே முடிவாகி இருக்கு, பேச்சுல அடுத்த வார்த்தையை அந்த நொடியிலேயே எடுக்கணும், ரெண்டும் ஒண்ணு கிடையாது.

டிவி ஓடிக்கிட்டே இருக்க குழந்தைகிட்ட கதை கேக்குறதும் அப்படித்தான். அது கஷ்டப்பட்டு ஒரு வரி சொல்லி முடிக்கும், நம்ம "என்னது, கேக்கல, சத்தமா சொல்லு"ன்னுவோம். இப்ப குரலையும் ஒசத்தணும், அதே வார்த்தையை மறுபடியும் தாண்டணும், நம்ம காத்துக்கிட்டு இருக்கோம்ங்கிற அவசரம் வேற. டிவியை அணைச்சுட்டு முகத்தைப் பாத்து உக்காந்தாலே பாதி பாரம் எறங்கிடும். அதுக்காக எல்லாருக்கும் அமைதிதான் நல்லதுன்னும் நினைக்காதீங்க, கூட்டத்து இரைச்சல்ல சரளமா பேசிட்டு எல்லாரும் அமைதியா கவனிக்கிற ரூம்ல பேரைச் சொல்ல முடியாம நிக்கிறவங்களும் இருக்காங்க.

அப்புறம் வால்யூம். குரல் கேக்கவே கூடாதுன்னு ஏத்திக்கிட்டே போனா காது போயிடும். பெரியவங்களுக்கு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைங்களுக்கு 75 டெசிபல், இதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு.

நம்ம குரலையே கொஞ்சம் தாமதமா காதுக்குத் திருப்பி அனுப்புற ஆப் இருக்கு, அதுல ஒரு விஷயம் யாரும் சொல்றதில்ல. திக்குறவங்களுக்கு 50, 75 மில்லிசெகண்ட் மாதிரி சின்ன தாமதமே பல நேரம் உதவும். 200 மில்லிசெகண்ட் கிட்ட போனா நல்லா பேசுறவங்களுக்கே நாக்கு கொழறும், 1950லயே பெர்னார்ட் லீங்கிற ஆராய்ச்சியாளர் இதை எழுதியிருக்காரு. புளூடூத் ஹெட்போன் தன் பங்குக்கு 100க்கு மேல சேத்துடலாம், நீங்க 60 வெச்சிருந்தாலும் காதுக்கு வர்றது வேற அளவு. வயர் ஹெட்போனே போடுங்க, எவ்வளவு வெக்கணும்னு ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க.

நான் இப்ப பாட்டோட ரெண்டு பக்கம் படிப்பேன், அப்புறம் ஒரு காதை மட்டும் கழட்டிட்டு, கடைசியா ரெண்டையும் கழட்டிட்டு அதே பக்கத்தைப் படிப்பேன். "மழை" இன்னும் சில நாள் ஒட்டுது. ஒட்டுனா அமுக்கித் தள்றதில்ல, உதட்டை மெதுவா தளத்திட்டு மறுபடி எடுக்குறேன்.