ஹாக்கி மேட்சை எப்படிப் பார்ப்பது: இருக்கை முதல் புள்ளிக் கணக்கு வரை

ஹாக்கி அரங்கில் முதல்முறை உட்காருகிறவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: பந்து கண்ணிலேயே படவில்லை. படாதுதான். கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண் பந்தின் பின்னாலேயே ஓடும். இங்கே அப்படி ஓடினால் கழுத்துதான் வலிக்கும். ஆட்களைப் பாருங்கள். யார் யாரை அடைத்து நிற்கிறார், எந்தப் பக்கம் காலி என்று பார்க்க ஆரம்பித்தால் பந்து தானாக அங்கே வந்து சேரும்.

அதற்கு உயரமான இருக்கை வேண்டும். மைதானம் 91.40 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். முதல் வரிசையில் உட்கார்ந்தால் வீரர்கள் பக்கத்தில் தெரிவார்கள், ஆட்டம் தெரியாது. நடுக்கோட்டுக்கு நேராக, மேல் வரிசைகளில் இடம் கிடைத்தால் அதுவே நல்லது. அது கிடைக்காவிட்டால் கோலுக்குப் பின்னால், உயரத்தில் உட்காருங்கள். பாதி ஆட்டம் எதிர்முனையில் நடக்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் முனையில் ஒரு பெனால்டி கார்னர் (தடுக்கும் அணியின் தவறுக்காக, பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டுக் கோலுக்கு அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு) வந்தால் டிவியில்கூடக் கிடைக்காத காட்சி அது. இடைவேளைக்குப் பிறகு அணிகள் முனை மாறும் என்பதால் இரண்டு அணிகளின் தாக்குதலும் உங்கள் பக்கம் வந்துவிடும்.

ஆட்டம் 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. முதல், மூன்றாம் பகுதிகளுக்குப் பின் 2 நிமிடம் ஓய்வு, நடுவில் 10 நிமிட இடைவேளை. டீ வாங்கப் போவதென்றால் அந்த 10 நிமிடத்தில் மட்டும் போங்கள். கால்பந்துபோல ஆஃப்சைடு இதில் கிடையாது. களத்தில் 11 பேர். ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும், ஆட்டம் ஓடும்போதே மாற்றலாம். அதனால் “யார் உள்ளே, யார் வெளியே” என்று கணக்கு வைக்க முயலவே வேண்டாம்.

எங்கே அடித்தால் கோல்?

கோலைச் சுற்றி வளைந்திருக்கும் கோட்டை எல்லோரும் ‘டி’ (D) என்பார்கள். கோல்கம்பங்களிலிருந்து 14.63 மீட்டர் தூரத்தில் வரைந்தது. இந்த டி-க்குள் தாக்கும் அணி வீரரின் மட்டை பந்தில் பட்டால்தான் கோல். வெளியே இருந்து அடித்த பந்து யார் மட்டையிலும் படாமல் வலைக்குள் போனாலும், தடுப்பவர் மட்டையில் பட்டுப் போனாலும் கோல் இல்லை. பக்கத்தில் இருப்பவர் எழுந்து குதித்துவிட்டு அசடு வழிய உட்காருவது பெரும்பாலும் இந்த விதியால்தான்.

இன்னொரு குழப்பம் கால். பந்து காலில் பட்டாலே தவறு என்று கூட்டம் கத்தும். பட்டதால் அந்த அணிக்கு லாபம் கிடைத்தால்தான் அம்பயர் ஊதுவார். தாக்கும் வீரர்கள் டி-க்குள் நுழைந்ததும் கோலைக் குறிவைக்காமல் தடுப்பவரின் காலைத் தேடிப் பந்தைத் தள்ளுவதைக் கவனியுங்கள். கோல் கிடைக்காத இடத்தில் பெனால்டி கார்னரையாவது சம்பாதிக்கிற வேலை அது. தற்செயலான தவறுக்குப் பெனால்டி கார்னர் டி-க்குள் மட்டும்தான். வேண்டுமென்றே செய்தால், டி-க்கு வெளியே 23 மீட்டர் கோட்டுக்குள் என்றாலும் கிடைக்கும். கோல் விழ இருந்த பந்தை டி-க்குள் தவறு செய்து தடுத்தால் பெனால்டி ஸ்ட்ரோக்: 6.40 மீட்டரில் பந்து, எதிரே கோல்கீப்பர் மட்டும்.

பெனால்டி கார்னரின் 40 நொடி

பெனால்டி கார்னர் கொடுத்ததும் கடிகாரம் 40 நொடி நிற்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இதை இடைவேளை என்று நினைத்து போனை எடுக்கிறார்கள். ஆட்டத்தின் மிக ருசியான 40 நொடி இதுதான்.

முதலில் தடுப்பவர்களை எண்ணுங்கள். கோல்கீப்பரோடு ஐந்து பேர் பின்கோட்டுக்குப் பின்னால்; மீதி எல்லோரும் நடுக்கோட்டுக்கு அப்பால். முகமூடி, கையுறை, முழங்கால் கவசம் மாட்டிக்கொள்வார்கள். அவர்களில் யார் கோலுக்குள் மிக முன்னால், ஓட்டப் பந்தயத்துக்கு நிற்பதுபோல் குனிந்து நிற்கிறார் என்று பாருங்கள். அவர்தான் முதல் ஓட்டக்காரர். பந்து கிளம்பியதும் அடிப்பவரை நோக்கி நேராக ஓடி, உடம்பையே பணயம் வைப்பவர்.

அடுத்து டி-யின் உச்சிக்குப் போங்கள். பின்கோட்டில், கோல்கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி ஒருவர் பந்தைத் தள்ளிவிடக் காத்திருப்பார். உச்சியில் பந்தை நிறுத்த ஒருவர், அவருக்குச் சற்றுப் பின்னால் டிராக் ஃபிளிக், அதாவது பந்தை மட்டையில் இழுத்துச் சுழற்றி அடிப்பவர். பல அணிகள் உச்சியில் இரண்டு ஜோடியை நிறுத்தும். எந்த ஜோடி அடிக்கும் என்று எதிரணிக்குத் தெரியக் கூடாது. அடிப்பவர் பின்னால் எண்ணி எண்ணி வைக்கிற காலடியைப் பார்த்தால் உங்களுக்கு ஓரளவு பிடிபடும்.

பந்து டி-க்கு வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்த பிறகுதான் கோலுக்கு அடிக்கலாம். முதல் அடி ஓங்கி அடித்ததாக இருந்தால் கோல்கோட்டைத் தாண்டும்போது 46 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதாவது கோலுக்குள் இருக்கும் பலகையின் உயரம். மட்டையில் இழுத்துச் சுழற்றிவிடும் ஃபிளிக்குக்கு இந்த வரம்பு இல்லை. டிராக் ஃபிளிக் அடிப்பவர்களுக்கு இத்தனை மவுசு அதனால்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஹர்மன்பிரீத் சிங் 10 கோல் அடித்தார். அதில் பெரும்பகுதி பெனால்டி கார்னரிலும் ஸ்ட்ரோக்கிலும் வந்தது.

கோல் விழாவிட்டால் குற்றம் அடித்தவர் மேல் மட்டும் இல்லை. தள்ளிவிட்ட பந்து துள்ளி வந்தால் நிறுத்துபவர் தடுமாறுவார். தரை காய்ந்திருந்தால் இது அடிக்கடி நடக்கும். ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் தரைக்குத் தண்ணீர் அடிப்பதே பந்து துள்ளாமல் வழுக்கிக்கொண்டு ஓடத்தான். பந்து நின்ற இடம் அரை அடி விலகினாலும் அடிப்பவரின் காலடிக் கணக்கு கெட்டு, முதல் ஓட்டக்காரர் வந்து சேர்ந்துவிடுவார். தடுப்பவர்களில் ஒருவர் பந்து கிளம்புமுன் ஓடிவிட்டால் அவரை நடுக்கோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மாற்று ஆளும் கிடையாது. அப்போது ஐந்துக்குப் பதில் நான்கு பேர். எந்த ஓட்டப் பாதை காலி என்று பார்த்தால் அடுத்த பந்து எங்கே போகும் என்று ஊகிக்கலாம்.

கால்பகுதி முடியும் மணி அடித்தாலும் கொடுத்த பெனால்டி கார்னர் முடியும்வரை ஆட்டம் நீளும். மணி அடித்ததும் கிளம்பிவிடாதீர்கள்.

கார்டும் ரெஃபரலும்

பச்சை கார்டு 2 நிமிடம், மஞ்சள் குறைந்தது 5 நிமிடம், சிவப்பு என்றால் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. அதுவரை அணி ஓர் ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும். பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17வது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு கார்டு வாங்கினார். மீதி நேரம் முழுக்கப் பத்துப் பேரோடு ஆடிய இந்தியா 1-1 என்று தாக்குப்பிடித்து, ஷூட்அவுட்டில் 4-2 என்று வென்றது. அடுத்த ஆட்டத் தடையும் சேர்ந்ததால் அரையிறுதியில் அவர் இல்லை.

கார்டு விழுந்ததும் மணி பாருங்கள். எதிரணி அந்த இரண்டு நிமிடத்தில் அகலமாகப் பரவி ஆடுகிறதா, இல்லை வழக்கம்போலவே நடுவில் முட்டுகிறதா? பயிற்சியாளரின் தரம் அங்கே தெரிந்துவிடும்.

கைகளால் ஆங்கில ‘T’ எழுத்துபோலக் காட்டினால் வீடியோ ரெஃபரல் கேட்கிறார்கள், அதாவது அம்பயரின் முடிவை வீடியோவில் சரிபார்க்கச் சொல்கிறார்கள் என்று பொருள். அணிக்கு ஒன்றுதான். சரியாகக் கேட்டால் கையில் இருக்கும், தவறினால் போச்சு. முதல் கால்பகுதியிலேயே ஆத்திரத்தில் கேட்டுத் தொலைக்கிற அணிகள் கடைசியில் தவிக்கும்.

தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி சில நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு பதினோராவது ஆட்டக்காரரை இறக்கும். காலி கோல். துணிச்சலா அசட்டுத்தனமா என்பது ஸ்கோரைப் பொறுத்தது.

கோல் விழுந்தாலும் கடிகாரம் நிற்கும். அதனால் ஒரே நிமிடத்தில் இரண்டு கோல் விழுவது அதிசயம் இல்லை. 2023 ஆகஸ்ட் 12 அன்று சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி, இந்தியாவும் மலேசியாவும். இடைவேளையில் மலேசியா 3-1 என்று முன்னிலை. 45வது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் ஸ்ட்ரோக்கில் ஒன்று, அதே நிமிடத்தில் குர்ஜந்த் சிங் ஒன்று. 56வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்த கோலில் இந்தியாவுக்கு 4-3 வெற்றி. மூன்றாம் பகுதி முடியுமுன்பே எழுந்து போனவர்கள் இரண்டு கோலைத் தவறவிட்டிருப்பார்கள்.

நாக்அவுட்டில் சமன் ஆனால் ஷூட்அவுட். 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருவர் பந்தோடு ஓடி வருவார், கோல்கீப்பர் கோட்டிலிருந்து எதிரே வருவார், நேரம் 8 நொடி. அணிக்கு ஐந்து பேர். கோல்கீப்பர் எப்போது தரையில் சாய்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். முதலில் சாய்பவர் பெரும்பாலும் தோற்பார்.

புள்ளிக் கணக்கு

லீக்கில் வெற்றிக்கு 3, சமனுக்கு 1. புள்ளி சமமானால் முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை, பிறகு கோல் வித்தியாசம், அதுவும் சமமானால் அடித்த கோல்கள், அதற்குப் பிறகுதான் நேருக்கு நேர் முடிவு. ஒரு தாளில் ஒவ்வோர் ஆட்டத்தின் ஸ்கோரையும் எழுதி வையுங்கள். வெற்றி தோல்வி மட்டும் குறித்தால் கடைசி நாளில் உதவாது.

அதே 2023 போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு அணிகள், நான்குக்கு அரையிறுதி. இந்தியா 13, மலேசியா 12. தென்கொரியா, ஜப்பான், பாகிஸ்தான் மூன்றும் 5 புள்ளி, மூன்றுக்கும் ஒரு வெற்றி. கொரியா அடித்தது 6, வாங்கியது 7: மைனஸ் 1. ஜப்பான் 8-க்கு 10: மைனஸ் 2. பாகிஸ்தான் கடைசி லீக் ஆட்டத்தில் இந்தியாவைச் சந்திக்கும்போது 7-க்கு 8, மைனஸ் 1. சமன் செய்தால் 6 புள்ளியோடு உள்ளே. 0-1 என்று தோற்றால் ஜப்பானைப்போலவே மைனஸ் 2 ஆகும், ஆனால் அடித்த கோல் 7-தான், வெளியே. 2-3 என்று தோற்றால் அதே மைனஸ் 2, கோல் 9, உள்ளே! ஒரே கோல் வித்தியாசத் தோல்விக்கு இரண்டு தலைவிதி. நடந்தது 0-4.