மாஸ்ட் பேஸை எங்கே பொருத்துவது? விண்ட்சர்ஃபிங் புதியவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கோடைக்காலத்தில் மதியத்துக்கு மேல் தென்மேற்கிலிருந்து கடற்காற்று கிளம்பும். ஊர்க்காரர்கள் அதை ‘ஃப்ரீமாண்டில் டாக்டர்’ என்பார்கள். வெயிலில் வதங்கிக் கிடக்கும் ஊரைத் தேற்ற வருவதால் டாக்டர். அது வருவதற்குள் ஸ்வான் ஆற்றின் பெலிகன் பாயின்ட் கரையில் பாய் கட்டிய பலகையில் நின்று காற்றில் ஓட்டும் விண்ட்சர்ஃபிங்குக்காக ஒரு கும்பல் போர்டும் பாயுமாக மாட்டிக்கொண்டு நிற்கும். புதிதாக வருபவர்கள் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: “இன்றைக்கு எத்தனை சதுர மீட்டர் பாய் போடலாம்?” மாஸ்ட் பேஸை எங்கே வைப்பது என்று யாரும் கேட்பதில்லை. போன தடவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். நானும் முதல் வருடம் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன்.

மாஸ்ட் பேஸ் என்பது பாய்மரத்தையும் போர்டையும் இணைக்கும் துண்டு. அடியில் ஒரு தட்டு, அதற்குக் கீழே போர்டின் தடத்துக்குள் நுழையும் நட்டு, மேலே எல்லாப் பக்கமும் வளையும் ரப்பர் மூட்டு. விண்ட்சர்ஃப் போர்டுக்குச் சுக்கான் கிடையாது. பாயை முன்னே சாய்த்தால் போர்டு காற்றை விட்டு விலகும், பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். அதற்கு இடம் கொடுப்பது இந்த மூட்டுதான். அமெரிக்காவில் ஜிம் டிரேக்கும் ஹோயில் ஷ்வைட்சரும் 1968-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த போர்டில் முக்கியமான சங்கதியே பாய்மரத்தை இப்படி எந்தப் பக்கமும் சாய்க்க முடிவதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு டேப், அழியாத மார்க்கர் பேனா, ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் போதும். இரண்டு போல்ட் வைத்த தட்டாக இருந்தால் ஸ்க்ரூடிரைவரும் வேண்டும்.

படி 1: ரப்பரைப் பாருங்கள்

மூட்டைக் கையால் நன்றாக வளைத்து, வளைவின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். நேராக இருக்கும்போது விரிசல் தெரியாது. வளைக்கும்போதுதான் மெல்லிய கோடு வாய் திறக்கும். அப்படி ஒரு கோடு கண்ணில் பட்டால் அந்தப் பேஸ் அன்றைக்குத் தண்ணீருக்குப் போகக் கூடாது. மூட்டின் பக்கத்தில் ஒரு பாதுகாப்புப் பட்டையோ கயிறோ இருக்கும். ரப்பர் அறுந்தாலும் பாய் தனியாகப் போகாமல் பிடித்துவைப்பது அதுதான். அது இல்லாத பேஸை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

படி 2: டெயிலிலிருந்து அளந்து குறியுங்கள்

போர்டின் நடுக்கோட்டில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். அதுதான் மாஸ்ட் தடம். டேப்பின் ஒரு முனையை டெயிலின், அதாவது போர்டின் பின்பக்கத்தின், கடைசியில் வைத்து, தடத்தின் நடுப்புள்ளி வரை அளங்கள். நடுத்தர அளவு ஃப்ரீரைடு (பொழுதுபோக்காக ஓட்டும்) போர்டுகளில் பெரும்பாலும் 130-க்கும் 135 சென்டிமீட்டருக்கும் பக்கத்தில் வரும். சில போர்டுகளில் தடத்தின் ஓரத்திலேயே எண்கள் அச்சிட்டிருப்பார்கள். இல்லையென்றால் மார்க்கரால் நீங்களே ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். போர்டின் மேல்பக்கம் வளைந்திருப்பதால் டேப்பைப் படியவிட்டு அளந்தால் ஒரு எண், இழுத்துப் பிடித்து அளந்தால் ஒரு எண் வரும். எப்படி அளந்தாலும் சரி, ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி அளக்க வேண்டும்.

படி 3: நடுவில் தொடங்குங்கள்

நடுவில் டாகர்போர்டு, அதாவது தண்ணீருக்குள் நீளும் தகடு, இறங்கும் பெரிய பயிற்சிப் போர்டில் கற்றுக்கொள்கிறீர்களா? பேஸைத் தடத்தின் நடுவில் வைத்துவிட்டு, இந்தக் கட்டுரையின் மீதியைச் சில மாதம் கழித்துப் படியுங்கள். கயிற்றை இழுத்துப் பாயைத் தூக்குவதும், போய்த் திரும்பி வருவதும் பழகும் கட்டத்தில் இரண்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருப்பதில் உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

படி 4: இறுக்குங்கள், மறுபடியும் இறுக்குங்கள்

முதலில் தடத்திலும் நட்டிலும் தண்ணீர் ஊற்றி மணலைக் கழுவுங்கள். நட்டைத் தடத்தின் அகலமான வாயில் இறக்கி, குறித்த கோட்டுக்குத் தள்ளுங்கள். பிறகு பேஸை வலஞ்சுழியாகத் திருகுங்கள். கையில் இறுகியதும் கடைசியாக ஒரு கால் சுற்று போதும். வெறியோடு முறுக்கினால் தடத்தின் உதடு நசுங்கும், அதைச் சரிசெய்யும் செலவு பேஸின் விலையைத் தாண்டும். அப்புறம் மூட்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தட்டு இம்மியளவும் நகரக் கூடாது.

இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. மணலைக் கழுவாமல் திருகினேன், இறுகியது போலவே இருந்தது. உண்மையில் தட்டுக்கு அடியில் மணல்தான் இறுகியிருந்தது. தண்ணீரில் பத்து நிமிடத்தில் மணல் அலசிக்கொண்டு போனது, தட்டு தளர்ந்தது, ஒரு திருப்பத்தில் பேஸ் தடத்தின் வாய் வரை சறுக்கிக் கழன்றுகொண்டது. பாய் ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம், நான் நடுவில். பாதுகாப்புப் பட்டை ரப்பர் அறுந்தால்தான் காப்பாற்றும், பேஸே கழன்றால் அதற்கு வேலை இல்லை. இப்படி ஆனால் முதலில் போர்டைப் பிடியுங்கள். போர்டு மிதக்கும், காற்றில் வேகமாக ஓடியும்விடும். பாய் தண்ணீரில் படுத்துக்கிடக்கும், அவ்வளவு சீக்கிரம் எங்கேயும் போகாது. அன்றிலிருந்து முதல் பத்து நிமிடம் ஓட்டியதும் கரைக்கு வந்து ஒரு தடவை திருகிப் பார்த்துவிடுகிறேன்.

படி 5: ஓட்டிப் பார்த்து, ஒரு சென்டிமீட்டர் மட்டும் நகர்த்துங்கள்

சீசாப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் டெயிலுக்கு மேலே உங்கள் பின்னங்கால். இன்னொரு பக்கம் பாயின் எடை, அதோடு ஹார்னஸில் (உடம்பைப் பாயோடு கொக்கி போட்டு மாட்டும் பட்டை) தொங்கும்போது பூம் (பாயைக் கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பு) வழியாக இறங்கும் உங்கள் எடை. இந்த இரண்டாவது எடை முழுவதும் போர்டில் வந்து இறங்கும் ஒரே இடம் மாஸ்ட் பேஸ். அதை முன்னே தள்ளினால் மூக்கு அமுங்கும், பின்னே இழுத்தால் மூக்கு எழும்பும்.

காற்று ஏறியதும் போர்டின் மூக்கு எழும்பி, அலையில் டப் டப்பென்று அடித்துக்கொண்டு, எந்த நேரமும் கவிழ்ந்துவிடும் போல இருக்கிறதா? ஒரு சென்டிமீட்டர் முன்னே. மற்றவர்கள் வழுக்கிப் பறக்கும்போது உங்கள் போர்டு மட்டும் தண்ணீரில் ஒட்டிக்கொண்டு, திருப்பினாலும் மந்தமாகத் திரும்புகிறதா? ஒரு சென்டிமீட்டர் பின்னே. தண்ணீர் எங்கிருந்து தெறிக்கிறது என்று பக்கவாட்டில் பார்த்தாலும் தெரியும். பேஸுக்கு முன்னாலிருந்தே தெறித்தால் போர்டு அதிகமாக நனைகிறது. உங்கள் கால்களுக்குப் பக்கத்திலிருந்து தெறித்தால் நன்றாக எழும்பி ஓடுகிறது.

பெரிய பாய் போட்டால் என்ன செய்வது என்பதில் கரையில் நாலு பேரைக் கேட்டால் ஐந்து பதில் வரும். பெரிய பாயின் பூம் நீளம், அதன் இழுவிசை மையம் பின்னால் போகும். அதனால் நான் ஒரு சென்டிமீட்டர் முன்னே வைத்துத் தொடங்குகிறேன். பாயின் எடையே மூக்கை அமுக்கும், அதனால் பின்னே வை என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, உங்கள் போர்டில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பேஸைத் தொடுவதற்கு முன்னால் பூமைப் பாருங்கள். பூமை உயர்த்தினாலும் மூக்கு எழும்பும். பாயைக் கீழ்நோக்கி இழுத்து விறைப்பாக்கும் டவுன்ஹால் கயிற்றைப் போதுமான அளவு இழுக்காத பாய் காற்று ஏறியதும் பின்கையை இழுக்கும். அதற்குப் பேஸ் என்ன செய்யும்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பூமையும் பேஸையும் சேர்த்து மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று யோசித்து நானே ஒரு மதியத்தை வீணடித்திருக்கிறேன். டாக்டர் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டி வீசும் நாள் இந்தச் சோதனைக்கு ஏற்றதல்ல, புதியவர்கள் அன்றைக்கு இறங்காமல் இருப்பதே மேல்.

படி 6: எழுதிவையுங்கள்

பாயின் அளவு, காற்றின் வேகம், பேஸ் இருந்த எண். இந்த மூன்றையும் கரை ஏறியதும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் மறந்துபோகும். என்னுடைய 5.7 சதுர மீட்டர் பாய்க்கு 133 என்று வந்து நின்றது எட்டாவது தடவையில்தான்.

எழுதி முடித்ததும் பேஸைக் கழற்றி, தடத்தையும் நட்டையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்போடு அப்படியே விட்டால் அடுத்த வாரம் திருகு பிடித்துக்கொள்ளும். மாட்டிய இடத்திலிருந்து நகர்த்த நீங்கள் ஆசைப்பட்டாலும் பேஸ் நகராது.