இணையதளம் இல்லாமலே படத்திலிருந்து விற்பனை: சுங்குடிச் சேலைக்கு ஒரு வாட்ஸ்அப் கேட்டலாக்

“விலைக்கு இன்பாக்ஸ் வரவும்.” சேலை விற்கும் இன்ஸ்டாகிராம் பக்கங்களில் இந்த வரியை அடிக்கடி பார்க்கலாம். வீட்டிலிருந்தபடி வியாபாரம் தொடங்குகிறவர்கள் முதலில் கைவிட வேண்டிய வழக்கம் இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர் விலை தெரியாமல் தயங்குகிறார். கேட்கக் கூச்சப்படுகிறவர் அப்படியே நகர்ந்துவிடுகிறார். கேட்டவருக்கும் பதில் போய்ச் சேரும்போது ஆசை ஆறியிருக்கும்.

படத்தைத் தொட்டதும் பொருளின் பெயர், விலை, விவரம் எல்லாம் கண்முன் வர வேண்டும். இன்ஸ்டாகிராமே இதற்கென ஒரு டேக் வசதி வைத்திருக்கிறது. ஆனால் அதற்குச் சொந்த இணையதளம் வேண்டும், மெட்டா நிறுவனம் உங்கள் கணக்கைப் பார்த்து அனுமதி தரவும் வேண்டும். அலமாரியில் முப்பது சேலை வைத்துக்கொண்டு தொடங்குகிறவருக்கு அது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற வேலை. இப்போதைக்கு, வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இருக்கும் கேட்டலாக், அதாவது படமும் விலையும் கொண்ட பொருள் பட்டியல், போதும். 2019-இல் வந்த வசதி, செலவில்லை. அதில் ஏற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் தனி இணைப்பு கிடைக்கும். அந்த இணைப்பை இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் ஒட்டினால் டேக் செய்ய வேண்டிய வேலை முடிந்துவிடும்.

உதாரணத்துக்குச் சுங்குடிச் சேலையை எடுத்துக்கொள்கிறேன். மதுரை, சின்னாளப்பட்டிப் பக்கம் பலர் இதைத்தான் வீட்டில் வைத்து விற்கிறார்கள். நீங்கள் விற்பது வேறு பொருளாக இருந்தாலும் படிகள் இவையே.

1. எண்ணும் கணக்கும்

வியாபாரத்துக்குத் தனி சிம் வாங்குங்கள். கேட்டலாக் இணைப்பைத் தொடுகிற எவருக்கும் உங்கள் எண் தெரிந்துவிடும். குடும்பத்தார் பேசும் எண்ணை அப்படிப் பொதுவில் வைக்க வேண்டாம். தனியாக வியாபாரம் செய்யும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: தேவையில்லாத அழைப்புகள் வரத்தான் செய்யும், அவை வியாபார எண்ணோடு நிற்கட்டும். சாதாரண வாட்ஸ்அப்பும் வாட்ஸ்அப் பிசினஸும் ஒரே போனில் வெவ்வேறு எண்களில் ஓடும். ஒரே எண்ணை இரண்டிலும் வைக்க முடியாது.

செயலியை நிறுவி எண்ணைச் சரிபார்த்ததும் கடைப் பெயர், வகை, வேலை நேரம் கேட்கும். முகவரியில் ஊர்ப் பெயர் மட்டும் போதும். வீட்டுக் கதவு எண் வேண்டாம். வேலை நேரத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். இரவு பதினொரு மணிக்குக் கேட்டவர் பதில் வரவில்லையே என்று கோபப்படாமல் இருக்க அது உதவும்.

2. படம்

சேலையை நேரில் தொட்டுப் பார்க்க முடியாதவருக்கு நீங்கள் கொடுப்பது படம் ஒன்றுதான். ஒரு பொருளுக்குப் பத்துப் படம் வரை ஏற்றலாம், நான்கைந்து நல்ல படம் போதும்.

காலை வெளிச்சம் வரும் ஜன்னலோரம் எடுங்கள். நேர் வெயிலில் நிறம் வெளிறும், டியூப்லைட்டில் நீலம் பாயும், ஃபிளாஷ் போட்டால் ஜரிகை மட்டும் பளிச்சென்று தெரிந்து மற்றதெல்லாம் மங்கிவிடும். முதல் படத்தில் முழுச் சேலையும் மடித்த நிலையில் தெரியட்டும். கேட்டலாக்கில் சின்னதாகச் சதுரமாகத் தெரியப் போவது அதுதான், அதனால் நடுவில் வைத்து எடுங்கள். அடுத்தது முந்தி. பிறகு கரை. அப்புறம் புள்ளிகளைக் கிட்டத்தில் காட்டும் ஒரு படம். ரவிக்கைத் துண்டு இருந்தால் அதற்கும் ஒன்று.

ஃபில்டர் போடாதீர்கள். அரக்கு நிறம் என்று நினைத்து வாங்கியவருக்குச் செங்கல் நிறத்தில் சேலை போய்ச் சேர்ந்தால் திரும்பி வரும் அஞ்சல் செலவு உங்கள் தலையில்தான் விழும். படத்தின் மேல் விலை, தள்ளுபடி, போன் எண் எழுதும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். விலை மாறினால் படத்தையே மாற்ற வேண்டிவரும்.

இணையத்தில் கிடைத்த வேறொரு கடையின் படம் கூடவே கூடாது.

3. பொருளை ஏற்றுவது

செயலியில் டூல்ஸ் பகுதிக்குள் போனால் கேட்டலாக் இருக்கும். பழைய பதிப்பில் மேலே மூன்று புள்ளியைத் தொட்டு பிசினஸ் டூல்ஸ் என்பதற்குள் போக வேண்டும். புதிய பொருள் சேர்க்கும் பொத்தானை அழுத்திப் படங்களைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பெயர், விலை, விவரம், இணைப்பு, பொருள் குறியீடு, எந்த நாட்டில் தயாரானது என்று கட்டங்கள் வரும். இணைப்புக் கட்டம் இணையதளம் உள்ளவர்களுக்கு, காலியாக விடலாம். நாடு, இந்தியா.

விலைக் கட்டத்தையும் காலியாக விட முடியும். விடாதீர்கள். இவ்வளவு வேலையும் அந்த ஒரு எண்ணுக்காகத்தான்.

பெயரில் “அழகிய சேலை”, “புது வரவு” என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. “அரக்கு அச்சுச் சுங்குடி, ஜரிகைக் கரை” என்று எழுதினால் நிறம், வகை, கரை மூன்றும் தெரிந்துவிடும்.

விவரம் எழுதுவதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் உங்களுக்கு வரும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். நீளம் எவ்வளவு, ரவிக்கைத் துண்டு உண்டா, சாயம் போகுமா, அஞ்சல் செலவு தனியா என்று நாலைந்து கேள்விகளே சுற்றிச் சுற்றி வரும். அவற்றுக்கான பதில்தான் விவரம். இப்படி:

“பருத்தி, அச்சுச் சுங்குடி. சேலை நீளம் 5.5 மீட்டர், ரவிக்கைத் துண்டு 80 செ.மீ. சேர்ந்தே வரும். சிறிய ஜரிகைக் கரை. முதல் இரண்டு தடவை உப்புத் தண்ணீரில் தனியாக அலசவும். தமிழ்நாட்டுக்குள் அஞ்சல் செலவு விலையில் அடங்கும்.”

இங்கே ‘அச்சு’ என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். துணியில் நூலால் சிறு சிறு முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்து எடுப்பது கட்டுச் சுங்குடி. மதுரையில் சௌராஷ்டிர மக்கள் வழிவழியாகச் செய்துவந்த வேலை அது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கட்டுச் சுங்குடியில் ஒரு புள்ளியைப் போல இன்னொன்று இருக்காது. அச்சில் போட்டது சீராக இருக்கும், விலையும் குறைவு. அச்சுச் சேலையை விற்பதில் எந்தக் குறையும் இல்லை. அன்றாடம் கட்ட அதுவே பலருக்குப் பிடிக்கும். ஆனால் அதைக் கட்டு என்று எழுதி விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவது மட்டுமில்லை, முடிச்சுப் போட்டு விரல் தேய்ந்தவரின் கூலியிலும் கைவைப்பது. எது எதுவென்று உங்களுக்கே சந்தேகமாக இருந்தால், கொள்முதல் செய்த இடத்தில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பொருள் குறியீட்டுக்கு எளிய முறை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சுச் சுங்குடிக்கு அ-01, அ-02. கட்டுக்கு க-01, க-02. அதே குறியீட்டைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சேலை மடிப்புக்குள் வையுங்கள். விற்றுப்போன குறியீட்டை வேறு சேலைக்கு மறுபடி கொடுக்காதீர்கள்.

சேமித்ததும் உடனே எல்லாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப் பரிசீலித்த பிறகே வெளியாகும். மறுத்தால் பொருளின் மேல் சிவப்பு ஆச்சரியக்குறி வரும், மறுபரிசீலனை கேட்கலாம். சேலைக்குப் பெரும்பாலும் சிக்கல் வராது. மருந்து, புகையிலை, மது, உயிருள்ள ஆடு கோழி ஆகியவற்றை வாட்ஸ்அப்பின் வணிக விதிகள் அனுமதிப்பதில்லை. மசாலாப் பொடி, ஊறுகாய் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயில் பதிவை முடித்து அந்த எண்ணையும் விவரத்தில் போடுங்கள்.

மொத்தம் 500 பொருள் வரை ஏற்றலாம். இருபதைத் தாண்டினால் கலெக்‌ஷன் என்ற பிரிவுகளாகப் பிரியுங்கள். நிறவாரியாகப் பிரிப்பதைவிட வகைவாரியாகவோ விலைவாரியாகவோ பிரிப்பது நல்லது. ஆயிரம் ரூபாய்க்குள் தேடி வருகிறவர்கள் நிறையப் பேர்.

4. இன்ஸ்டாகிராமில் ஒட்டுவது

கேட்டலாக்கில் ஒரு சேலையைத் திறந்து பகிரும் குறியைத் தொட்டால் அந்தச் சேலைக்கான இணைப்பை நகலெடுக்கலாம். இன்ஸ்டாகிராமில் அதே சேலையின் படத்தை ஸ்டோரியாகப் போடும்போது மேலே உள்ள ஸ்டிக்கர் குறியைத் தொட்டு, லிங்க் ஸ்டிக்கரைத் தேர்ந்தெடுத்து ஒட்டுங்கள். 2021 அக்டோபரிலிருந்து எல்லாக் கணக்குகளுக்கும் இந்த ஸ்டிக்கர் கிடைக்கிறது. ஸ்டிக்கரில் தெரியும் எழுத்தையும் நாமே மாற்றலாம்: “அ-07, ரூ.950”. தொடுகிறவர் நேரே அந்தச் சேலையின் பக்கத்துக்குப் போய்விடுவார்.

ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதனால் அதை, உங்கள் முகப்புப் பக்கத்திலேயே நிலைத்து நிற்கும் ஹைலைட்டில் சேருங்கள். கட்டு, அச்சு, விற்றவை என்று மூன்று ஹைலைட் வைத்தாலே பக்கம் கடைபோல ஒழுங்காகிவிடும்.

சாதாரணப் பதிவு வேறு மாதிரி. படத்துக்குக் கீழே எழுதும் வரிகளில் இணைப்பை ஒட்டினால் தொட முடியாது, வெறும் எழுத்தாக நிற்கும். அங்கே முதல் வரியிலேயே குறியீட்டையும் விலையையும் எழுதுங்கள். முழு கேட்டலாக்கின் இணைப்பை முகப்பு அறிமுகப் பகுதியில் வையுங்கள். அங்கே ஐந்து இணைப்பு வரை இடம் உண்டு. ஃபேஸ்புக் பதிவில் இணைப்பு நேரடியாகவே வேலை செய்யும்.

எல்லாம் முடிந்ததும் வீட்டில் இன்னொருவர் போனிலிருந்து ஸ்டோரியைத் தொட்டுச் சேலைப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். உங்கள் போனில் சரியாகத் தெரிவது போதாது.

5. ஆர்டர் வந்தால்

பிடித்த சேலைகளை வாடிக்கையாளர் கூடையில் போட்டு ஒரே செய்தியாக அனுப்ப முடியும். அந்தச் செய்தியில் மொத்தத் தொகையும் தெரியும். ஆனால் கேட்டலாக்குக்கு இருப்புக் கணக்கு தெரியாது. ஒரே ஒரு சேலையை இரண்டு பேர் கூடையில் போட்டு அனுப்பலாம். யாருக்கு முதலில் பணம் வருகிறதோ அவருக்கே என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். விற்றவுடன் அந்தப் பொருளைத் திறந்து மறைத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், அதே வகை மறுபடி வந்தால் எழுதிய விவரம் உதவும். ஸ்டோரி ஹைலைட்டையும் ‘விற்றவை’க்கு மாற்றுங்கள். இந்த இரண்டையும் அன்றன்றே செய்யாத கடைக்கு, இல்லாத சேலையைக் கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கும்.

உரையாடல்களுக்கு லேபிள் ஒட்டும் வசதி உண்டு. புது ஆர்டர், பணம் பாக்கி, பணம் வந்தது, அனுப்பியாச்சு என்ற நான்கு போதும். அடிக்கடி அனுப்பும் பதில்களைக் குவிக் ரிப்ளையில் சேமித்தால் சாய்கோட்டோடு ஒரு சொல்லைத் தட்டினாலே முழுப் பதிலும் வந்துவிடும்.

பணம் பெரும்பாலும் யுபிஐ வழியாக வரும். இங்கே கவனம் வேண்டும். பணம் அனுப்பிவிட்டதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தால் அதை நம்பிச் சேலையைக் கட்டாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பார்சல். பணம் பெறுவதற்கு நீங்கள் பின் எண் போட வேண்டியதே இல்லை. கியூஆர் குறியை ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. “கூடுதலாக அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்” என்று அவசரப்படுத்துகிறவரிடமும் அதே பதில்: கணக்கைப் பார்த்த பிறகு. ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். கைவினைப் பொருட்களுக்குச் சில விலக்குகள் உண்டு. உங்கள் சேலை அதில் வருமா என்பதை முதல் வெளிமாநில பார்சலுக்கு முன்பே ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

6. பிற்பாடு இன்ஸ்டாகிராமின் சொந்த டேக்

வியாபாரம் பெருகி இணையதளம் தொடங்கினால் அப்போது இதற்கு வரலாம். மெட்டாவின் காமர்ஸ் மேனேஜர் என்ற விற்பனை நிர்வாகப் பக்கத்தில் ஓர் அட்டவணையாகப் பொருட்களை ஏற்ற வேண்டும். கூகுள் ஷீட்டிலிருந்தும் ஏற்றலாம். ஒவ்வொரு வரிக்கும் குறியீடு, பெயர், விவரம், இருப்பு உண்டா இல்லையா, புதியதா பழையதா, விலை, இணையதளப் பக்கம், பட இணைப்பு, பிராண்ட் பெயர் வேண்டும். படம் குறைந்தது 500-க்கு 500 பிக்சல். இணையதளம் உங்களுடையதுதான் என்றும் நிரூபிக்க வேண்டும். டிஎன்எஸ் எனப்படும் இணைய முகவரிப் பதிவில் ஒரு வரி சேர்ப்பது அதற்கான வழிகளில் ஒன்று, இணையதளம் செய்து கொடுத்தவரிடம் சொன்னால் செய்து தருவார். குறியீடு, பெயர், விவரம், விலை நான்கையும் இப்போதே ஒரு கூகுள் ஷீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். கேட்டலாக்கில் ஏற்றும்போது அதிலிருந்து நகலெடுத்து ஒட்டலாம், காமர்ஸ் மேனேஜருக்குப் போகும் நாளில் மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது.