சென்சாரை மாற்றுவதற்கு முன்னால் செய்யும் தவறுகள்

செக் என்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் ஒரு எரர் கோடு, அதில் ஒரு சென்சாரின் பெயர். உடனே புதுசு வாங்கி மாட்டிவிடுவார்கள், கொஞ்ச நாளில் அதே விளக்கு மறுபடி எரியும். பெரும்பாலான எரர் கோடுகள் சென்சார் கெட்டுப்போச்சு என்று சொல்வதே இல்லை. அந்த சர்க்யூட்டில் வரக்கூடாத வோல்டேஜ் வருகிறது என்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. சர்க்யூட் என்றால் சென்சார், கனெக்டர், வயர், எர்த், இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எல்லாம் சேர்த்துத்தான்.

என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரையே எடுத்துக்கொள்வோம். பல கார்களில் அதற்கு இரண்டே வயர். இசியு தன் உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பும், சூடு ஏற ஏற சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறையும், சிக்னல் வோல்டேஜும் கூடவே இறங்கும். இப்போது பி0118 என்ற கோடு (சிக்னல் வோல்டேஜ் மிக அதிகம்) வருகிறது, ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டுகிறது என்றால், எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது என்று அர்த்தம். கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு பின்னையும் (உலோக முனைகளை) ஒரு ஜம்பர் வயரால் சேர்த்துப் பாருங்கள். ரீடிங் சட்டென்று 100 டிகிரிக்கு மேலே எகிறினால் வயரும் இசியுவும் சரி, சென்சாரோ அதன் உலோக முனையோதான் கோளாறு. அசையவே இல்லையா? சிக்னல் வயரை மட்டும் என்ஜின் பாடியில் தொடவைத்துப் பாருங்கள், இப்போது எகிறினால் அறுந்திருப்பது எர்த் வயர். அப்போதும் அசையாவிட்டால் சிக்னல் வயரைப் பிடித்துக்கொண்டு இசியு வரை போக வேண்டியதுதான். (சில கார்களில் கோடு விழுந்ததும் இசியு தானாக ஒரு கற்பனை ரீடிங்கைக் காட்டும், ஃபேனையும் ஓடவிடும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

பி0117 (சிக்னல் வோல்டேஜ் மிகக் குறைவு) வந்தால் கதை தலைகீழ். கனெக்டரைக் கழற்றியதும் மைனஸ் 40-க்கு இறங்கினால் சென்சார் உள்ளே ஷார்ட், இறங்காமல் சூடாகவே காட்டினால் சிக்னல் வயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது.

இந்த ஜம்பர் வித்தையை மூன்று வயர் சென்சாரில் செய்து பார்க்காதீர்கள், 5 வோல்ட் சப்ளையையே ஷார்ட் செய்துவிடுவீர்கள். அந்த 5 வோல்ட் பல சென்சார்களுக்குப் பொதுவாகவும் இருக்கும். அதனால் ஒரே நேரத்தில் மூன்று நான்கு சென்சார் கோடுகள் வந்தால் எல்லாம் ஒன்றாகக் கெட்டுவிட்டது என்று பயப்படாமல் முதலில் அந்த 5 வோல்ட்டை அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் கள்ளன். எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை என்றால் வயரிங்கைப் பாருங்கள்.

மல்டிமீட்டர் 'பீப்' அடித்தால் வயர் நல்லது என்று நம்புவது இன்னொரு தவறு. உள்ளே பத்து இழை அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கும். எர்த் சரியா என்று பார்க்க, சென்சார் மாட்டியபடியே இக்னிஷனைப் போட்டு, எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் வோல்டேஜ் பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்படலாம். ரெசிஸ்டன்ஸ் அளப்பதாக இருந்தால் மட்டும் இக்னிஷனை அணைத்து, கனெக்டரையும் கழற்றிவிட வேண்டும். கரன்ட் இருக்கும்போது ஓம்ஸில் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

அளக்கிறேன் என்று மீட்டரின் தடிமனான ப்ரோபைக் கனெக்டரின் முன்பக்கம் திணிப்பவர்களைப் பார்த்தால்தான் கோபம் வரும். உள்ளே இருக்கும் உலோக முனை விரிந்துவிடும், அப்புறம் விட்டுவிட்டு வரும் ஒரு புதுக் கோளாறை நாமே உண்டாக்கியது போல ஆகும். பின்பக்கமாக மெல்லிய ஊசி ப்ரோபை நுழைத்து அளக்க வேண்டும். வயரைக் குத்தி ஓட்டை போட்டாலும் தண்ணீர் இறங்கிப் பச்சை பூக்கும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் சென்சார் வயர்களுக்கு வேண்டவே வேண்டாம், அது இழுக்கிற கரன்ட்டை இசியு தாங்காமல் போகலாம்.

பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அந்த சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும், வேக்குவம் ஹோஸ் எங்காவது கிழிந்து அதன் வழியாகக் காற்று உள்ளே போகிறதா என்று முதலில் பாருங்கள்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஃப்ரீஸ் ஃப்ரேம் டேட்டாவைக் குறித்து வையுங்கள். கோடு விழுந்த நேரத்தில் என்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு எல்லாம் அதில்தான் இருக்கும், கோடை அழித்தால் அதுவும் கூடவே போய்விடும்.